பிள்ளைத்தாச்சி வீட்டுச் சட்டிகள்

மண்டூரில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது என்ற கதை வெளியே போனால் போதும், ஊரிலுள்ள அடுப்பெல்லாம் அவளுக்காக எரியத் தொடங்கிவிடும். அவளுக்குப் பசிக்கிறதா என்று மட்டும் ஒரு சனமும் கேட்காது. கேட்டு என்ன செய்வது? சட்டிதான் ஏற்கெனவே அடுப்பில் ஏறியாயிற்றே.

விதுர்ஷாவுக்கு இந்தச் சட்டிகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அவள் தையல்காரி. கோயில் வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, தாய் சுலோஜனாவின் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். சட்டை தைக்க வந்தவள் "போன வருசத்து அளவுதான் கா" என்று சொன்னால், "அளவு போன வருசத்தது, ஆள் இந்த வருசத்து ஆளெல்லோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நாடாவை எடுப்பாள். அதற்காகக் கோபித்துக்கொண்டு வேறிடத்தில் தைக்கக் கொடுத்து, கையைத் தூக்க முடியாமல் திரும்பி வந்தவர்களும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அவளும் மெல்லிய ஆள் இல்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை மெஷினில் குந்தியிருப்பாள். பக்கத்தில் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும் ஒரு பிடி பிஸ்கட்டும் இருக்கும்.

புருசன் சிவதர்ஷன் அக்கரைக்காரன். வாவிக்கு அந்தப் பக்கம் பிறந்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தோடு பெண் வீட்டுக்குக் குடிவந்தவன். உழவு மெஷின் திருத்துவான். எந்த இஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் விட வேண்டும், கூட விட்டால் என்ன நடக்கும் என்றெல்லாம் அவனைக் கேட்டால் நின்றபடியே ஒரு மணித்தியாலம் சொல்வான். பெண்சாதி விசயத்தில் மட்டும் அந்த அறிவு எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

அவனுடைய தாயின் பெயர் அன்னப்பூரணி. பெயர் வைத்தவர்கள் ஆராய்ந்துதான் வைத்திருக்கிறார்கள். மகன் பெண் வீட்டோடு போய்விட்டான், இனித் தன் பக்கத்து மானம் முழுவதும் சட்டியில்தான் இருக்கிறது என்று நம்புகிற மனுசி. வாவியைக் கடக்கிற மிதவையை இங்கே 'பாதை' என்பார்கள். சீலைத் துண்டில் கட்டிய சட்டிகளோடு பாதையில் ஏறுவார். ஏறியவுடன் மோட்டார் சைக்கிள்காரனுக்கும் மாடு கொண்டு போகிறவனுக்கும் "மருமகளுக்கு இறால் பொரிச்சுக் கொண்டு போறன்" என்று அறிவித்துவிடுவார். இக்கரை வந்து சேர்வதற்குள் இறாலின் பருமன்கூட எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இக்கரையில் சுலோஜனா மட்டும் சளைத்தவரா? சம்பந்தியின் சட்டி ஒன்று வந்தால் அவருடைய அடுப்பில் இரண்டு ஏறும்.

முதற்பிள்ளைக்கு இந்த இரண்டு பேரும் நின்று போட்டி போட்டார்கள். எருமைத் தயிரில் இனிப்புப் பாணி விட்டுக் குழைத்தது, நெய்ச்சோறு, கஜு போட்ட பாயாசம், பயத்தம்பணியாரம். இதெல்லாம் மூன்று நேரச் சோற்றுக்கு மேலதிகம். "ரெண்டு உசிரு மகள், ரெண்டு பேருக்குத் தின்னோணும்" என்றார் ஒருவர். ஒரு கை அகலம்கூட இல்லாத உயிருக்கு ஒரு முழு ஆளின் சோறாம்! "ஆசப்பட்டதத் தின்னாட்டிப் பிள்ளைக்குக் காதில சீழ் வடியும்" என்றார் மற்றவர். அவள் ஆசைப்பட்டாளா என்பது வேறு கதை. ஆசையையும் அவர்களே பட்டுக்கொண்டார்கள். நடந்தால் வயிறு குலுங்குமாம், குனிந்தால் கொடி சுற்றுமாம். ஆகையால் அவளை ஒரு இடத்தில் இருத்திவைத்து ஊட்டி ஊட்டித் தீத்தினார்கள். அவளும் ருசித்துத்தான் தின்றாள். அதை அவளே இன்றைக்கும் சொல்வாள்.

இடையில் கிளினிக்கிலிருந்து மருத்துவமாது இன்ஷிரா சீனிப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். வெறும் வயிற்றோடு போய், சீனி கரைத்த தண்ணீர் குடித்து, இரத்தம் கொடுக்க வேண்டும். எந்த விசயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு சம்பந்திகளும் இதில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள்.

"சீனித் தண்ணியக் குடிக்கக் குடுத்துப்போட்டு மறுகா உடம்பில சீனி இரிக்கு எண்டு சொன்னா? இரிக்காம எங்க போகும்?" என்றார் அன்னப்பூரணி.

"பிள்ளைத்தாச்சியப் பட்டினியாக் கூட்டிக்கொண்டு போறதா? அடுக்குமா?" என்றார் சுலோஜனா.

என்ன மூளை! விதுர்ஷாவும் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள். பரிசோதனைக்குப் போகவில்லை. மாதம் ஏற ஏற அவளுடைய பாரம் இருபது கிலோவுக்கு மேல் கூடியது. வயிற்றைப் பார்த்த பெண்களெல்லாம் "ராசாதான் உள்ளுக்கு இரிக்கான்" என்று வாயூறினார்கள்.

ஆண் பிள்ளைதான். பெற்ற அன்று தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. அவ்வளவு பெரிய பிள்ளை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. உப்பிய கன்னமும் மடிப்பு விழுந்த தொடையுமாக, தூங்குகிற பிள்ளை மாதிரிக் கிடந்தது. சிவதர்ஷன் சின்னப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். விதுர்ஷா பால் கட்டிய மார்போடு கட்டிலில் கிடந்து அழுதாள். வீட்டுக்கு வந்தும் அழுதாள். கொஞ்ச நாளைக்கு மெஷின் ஓடவில்லை.

பிள்ளை ஏன் செத்தது? டாக்டர் தெளிவாகச் சொன்னார், தாயின் இரத்தத்தில் சீனி கூடி, பிள்ளை அளவுக்கு மிஞ்சிப் பெருத்துவிட்டது என்று. வீட்டுக்கு வருகிற வழியில் அந்தச் சொல் எங்கே விழுந்ததோ, ஒருவரும் திரும்பிப் போய் எடுக்கவில்லை. எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவுக்குள் காரணம் முடிவாகிவிட்டது: கண்ணூறு. "வயிறு அவ்வளவு வடிவாப் பெருத்திருந்தது. கண்ட கண்ட சனமெல்லாம் பாத்தது. கொண்டு போயித்து." கண்ணூறு என்றால் குற்றவாளி ஊரில் எங்கேயோ இருக்கிறார், ஆள் யாரென்று தேடவும் தேவையில்லை. சீனி என்றால் சட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். எது வசதி என்று அவர்களுக்குத் தெரியாதா?

மூன்று வருசம் கழித்து மறுபடியும் தங்கியது. இந்த முறை விதுர்ஷா தாயிடம் சொல்லவில்லை, புருசனிடமும் சொல்லவில்லை. நேரே கிளினிக்குக்குப் போய் இன்ஷிராவுக்கு முன்னால் நின்றாள்.

இன்ஷிரா ஆறுதல் சொல்கிற வகை இல்லை. "போன முறை கூப்பிடக்குள்ள எங்க போன நீங்க? சரி, தராசில ஏறுங்க" என்றார். ஏறினாள். முள் நின்ற இடத்தை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"இந்தப் பிள்ளை எனக்கு உசிரோட வேணும் மிஸ். என்ன சொன்னாலும் செய்வன்" என்றாள் விதுர்ஷா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு கெஞ்சல் வந்ததை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

"பட்டினி கிடக்காதீங்க, முதல் அது. பாரத்தக் குறைக்கிறதுக்கு இது நேரமில்ல. அளவாக் கூடோணும், அவ்வளவுதான். உங்கட உடம்புக்கு எல்லா மாசமும் சேத்து எட்டு, ஒம்பது கிலோ கூடினாக் காணும். சோத்துக் கோப்பையில அரைவாசிக்குக் கீரையும் மரக்கறியும் போடுங்க. மத்தப் பாதியில சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், மீனோ பருப்போ கொஞ்சம். தேத்தண்ணிக்குச் சீனி வேணாம். பின்னேரத்தில அரை மணித்தியாலம் நடங்க. மெஷினில ஒரேயடியாக் குந்தாதீங்க, இடைக்கிடை எழும்புங்க. சீனிப் பரிசோதனைய இந்த முறை முந்தியே செய்வம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். வீட்டாக்கள் விட்டாச் செய்யலாம்" என்றார் இன்ஷிரா. அவர் சொன்னதில் கஷ்டமான பகுதி அந்தக் கடைசி வசனம்தான் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

செய்தி வெளியே வந்ததும் அடுப்புகள் எரியத் தொடங்கின. விதுர்ஷா தன் கோப்பையில் பொன்னாங்காணி வறையைக் குவித்துச் சோற்றை ஒரு ஓரத்தில் வைத்ததைக் கண்டு சுலோஜனா மூக்கைச் சிந்தினார். "ஊரு என்ன சொல்லும்? தாய் சோறு போடல்ல எண்டெல்லோ சொல்லும்!" மகளின் வயிற்றில் இருப்பது பிள்ளையா, தன்னுடைய நற்பெயரா என்று அவருக்கே ஒரு குழப்பம். அன்னப்பூரணி இறால் பொரியலோடு வந்து, "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும் எண்டு சும்மாவா சொன்னாங்க?" என்று பழமொழி சொன்னார். ஒருநாள் விதுர்ஷா சட்டியைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நிறைந்த சட்டி திரும்பிப் போவதென்றால் இங்கே அது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. அன்னப்பூரணி அந்தச் சட்டியைப் பாதையில் வைத்துத் திறந்து, வந்தவன் போனவனுக்கெல்லாம் இறாலைப் பங்கிட்டு, மருமகளின் திமிரையும் சேர்த்துப் பங்கிட்டார்.

"அம்மா ஆசையிலதானே கொண்டாறா. கொஞ்சம் தின்னன் விது" என்றான் சிவதர்ஷன்.

"அந்த ஆசைய நீங்க தின்னுங்க" என்றாள்.

அவன் தின்றான். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவள் மெஷினில் இருந்து யோசித்தாள். டாக்டர் சொன்னால் இந்தச் சனம் கேட்காது. மருத்துவமாது சொன்னால் சிரிக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொன்னால் 'பாவம், மனம் பேதலிச்சுப்போச்சு' என்று முதுகைத் தடவும். அப்படியானால் யார் சொன்னால் வாயை மூடும்? அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு தாய்மாரும் வீட்டில் இருந்த நேரம் பார்த்து நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் முருகனுக்கு நேர்த்தி வெச்சிரிக்கன். பிள்ளை பிறக்கும் வரைக்கும் இனிப்புத் தொடமாட்டன். பொரிச்சது தொடமாட்டன். ஒரு அகப்பைச் சோத்துக்கு மேல போடமாட்டன். பின்னேரத்தில நடந்து போய்க் கோயிலச் சுத்துவன்."

மண்டூர் முருகனுக்குப் பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் செய்வார். அந்தச் சந்நிதியில் ஒரு பெண் தன் வாயைக் கட்டினால் எவர் மறுத்துப் பேசுவது? சுலோஜனா கைகூப்பினார். அன்னப்பூரணியின் கண்ணில் நீர் வந்தது. நேற்று வரை தாயைத் தலைகுனிய வைத்த அதே கீரைக் கோப்பை, அதே ஒரு அகப்பைச் சோறு, ஒரே நாளில் பக்தியாகிவிட்டது. "என்ர மருமகள் தவமெல்லோ இரிக்காள்" என்று பாதையில் அறிவிப்பு மாறியது. அடுத்த இரண்டு கிழமை விதுர்ஷா நிம்மதியாகச் சாப்பிட்டாள். பின்னேரங்களில் கோயில் வீதியைச் சுற்றி, வாவிக் கரை வரை நடந்து வந்தாள்.

மூன்றாம் கிழமை அன்னப்பூரணி சர்க்கரைப் புக்கையோடு, அதுதான் சர்க்கரைப் பொங்கலோடு, வந்தார். நெய் மிதந்தது.

"மாமி, இனிப்புத் தொடமாட்டன் எண்டு சொன்னன் எல்லோ."

"இது இனிப்பில்ல மகள். பிரசாதம்."

கேட்டீர்களா கதையை! சர்க்கரை கோயிலுக்குள் போய் வந்தால் சர்க்கரை இல்லையாம். விதுர்ஷா ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுவிட்டு, நேர்த்தியில் இதுவும் அடக்கம் என்றாள். அதன் பிறகு நேர்த்தி வளரத் தொடங்கியது. பஞ்சாமிர்தம் வந்தால் அதற்கொரு தடை, பாணி வந்தால் அதற்கொரு தடை, விரதக்காரிக்கு என்று மாம்பழச் சாறு வந்தால் அதற்கும் ஒன்று. தன் பெயரில் இவ்வளவு சட்டம் இருப்பது முருகனுக்கே தெரிந்திருக்காது. தெரிந்தாலும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

சீனிப் பரிசோதனைக்கு இந்த முறை அவள் தனியாகவே போனாள். முடிவைப் பார்த்து இன்ஷிரா நெற்றியைச் சுருக்கினார். "மட்டுமட்டா நிக்குது. இப்ப தின்றது மாதிரியே தின்னுங்க, நடைய விடாதீங்க. கூடினா ஊசி போட வேண்டி வரும். நான் பயங்காட்டல்ல, உள்ளதச் சொல்றன்." அவள் பயந்துதான் வீட்டுக்கு வந்தாள். இரவில் பிள்ளை துடிக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

ஏழாம் மாதம் புருசன் பக்கத்தார் வந்து பிள்ளைத்தாச்சிக்குச் சோறு கொடுக்கிற நாள் வந்தது. அன்னப்பூரணி ஒரு படையையே கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சட்டியாக இறங்கினார். முற்றத்துக்கு வரும்போதே முகத்தில் ஒரு வெற்றிக் களை.

"கோயிலில விசயம் தெரிஞ்ச ஒராளிட்டக் கேட்டன் மகள். பிள்ளைத்தாச்சிக்கு நேர்த்தி இல்லையாம். வயித்துப் பிள்ளையப் பட்டினி போட்டாச் சாமி குத்தமாம். இண்டைக்கு நல்லாத் தின்னலாம்!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகூட இல்லை, யாரோ விசயம் தெரிந்த ஒராள்! வாழை இலை விரிந்தது. நெய்ச்சோறு மலையாக விழுந்தது. இறால், நண்டு, கோழி, பக்கத்தில் பாயாசக் கிண்ணம். சுற்றிப் பெண்கள். வாசலில் சிவதர்ஷன். அன்னப்பூரணி பாயாசத்தையும் வாழைப்பழத்தையும் சோற்றோடு பிசைந்து உருட்டி, அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஆக்காட்டு மகள்."

விதுர்ஷா அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமி, நேர்த்தி பொய். நான் ஒண்டும் வெக்கல்ல."

"என்ன சொல்றாய்?"

"நீங்க விடமாட்டீங்க எண்டுதான் முருகன இழுத்த நான். மூத்தவனக் கண்ணூறு கொண்டு போகல்ல. சீனிதான் கொண்டு போயித்து. நீங்களும் அம்மாவும் தீத்தினீங்க, நான் வாயத் திறந்து திண்டன். மூண்டு பேரும் சேந்துதான் அவனச் சாகடிச்சம். இந்தப் பிள்ளைய நான் உங்களுக்குத் தரமாட்டன்."

சுலோஜனா சுவரில் சாய்ந்தார். ஒருத்தி மெல்ல, "என்ன வாய் கா இது" என்றாள். அன்னப்பூரணியின் கையிலிருந்த உருண்டை இலையில் விழுந்தது. எழுந்து கையைக் கழுவி, ஒவ்வொரு சட்டியாகச் சீலைத் துண்டில் கட்டினார். மகனைப் பார்த்தார். சட்டிகளைத் துறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் அவன்தான்.

சிவதர்ஷன் அசையவில்லை. 'அம்மா ஆசையில' என்றும் சொல்லவில்லை. அவன் தன் வாழ்க்கையில் காட்டிய பெரிய வீரம், வாசலில் சும்மா நின்றதுதான். வந்த பெண்களே சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பின்னேரம் அவள் நடக்க வெளிக்கிட்டபோது அவனும் செருப்பை மாட்டினான். "இஞ்சினும் ஓடாம நிண்டா இறுகித்தான் போகும்" என்றான், தானே கண்டுபிடித்த மாதிரி. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாவிக் கரை வரை நடந்தார்கள். அங்கே வந்ததும் அவன், "அந்தப் பெட்டி சரியான பாரம், விது" என்றான். மூன்று வருசத்தில் அதைப் பற்றி அவன் வாய் திறந்தது அன்றைக்குத்தான். எந்தச் சொல்லுக்கும் குத்தல் பதில் வைத்திருக்கிறவள், அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

சுலோஜனா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு புறுபுறுத்துக்கொண்டே கீரை ஆய்ந்தார். சீனிப் போத்தலைக் கைக்கெட்டாத மேல் அடுக்கில் வைத்தார். அன்னப்பூரணி வரவில்லை. பாதையில் அவர் என்ன அறிவித்தார் என்பதை விதுர்ஷாவிடம் சொல்லப் பலர் வந்தார்கள். அளவெடுக்க வந்தீர்களா, அளக்க வந்தீர்களா என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோவும் ஒரு சொட்டும். ஊசி தேவைப்படவில்லை. விதுர்ஷாவின் பாரம் பத்துக் கிலோகூடக் கூடியிருக்கவில்லை. பிள்ளை வெளியே வந்த கையோடு அறை அதிரக் கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டு அவள் சிரித்தாள், பிறகு ஓவென்று அழுதாள். தாதி என்னவோ ஏதோ என்று பயந்துபோனார்.

பிள்ளை பெற்ற துடக்குக் கழித்த அன்று அன்னப்பூரணி வந்தார். சட்டி கொண்டு வரவில்லை; வெறுங்கை. வராவிட்டால் ஊர் பேசும் என்று வந்தாரோ, பேத்தியைப் பார்க்க வந்தாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். தொட்டிலைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சுலோஜனா ஒரு பக்கம், சிவதர்ஷன் ஒரு பக்கம் நின்றார்கள்.

"ஒரு பிடிதான் இரிக்காள்" என்றார் அன்னப்பூரணி. பெருமூச்சு விட்டார். "மூத்தவன் எப்பிடி இருந்தான்! கொழுகொழுவெண்டு, கையும் காலும் மடிப்பு மடிப்பா... என்ன வடிவான பிள்ளை."

அந்த நேரம் பிள்ளை முழித்து, முகம் சிவக்க வீரிட்டது.

"ஓம் மாமி, அவன் வடிவுதான்" என்றாள் விதுர்ஷா. "ஆனா அவன் அழல்ல. ஒருக்காவும் அழல்ல. இவள் அழுறாள், கேளுங்க."

பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் அதை அமர்த்தப் போகவில்லை.